வாடை எதுவும் இல்லை

அந்த வட்டாரத்தில் குழாய் வேலை தெரிந்தவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஆனால் எங்கே கசிகிறது, எங்கே அடைக்கிறது என்று பிடிபடாமல் நான்கு பேர் வந்து தரையை உடைத்துப் போட்டுவிட்டுப் போன பிறகு, ஐந்தாவதாக எல்லோரும் கூப்பிடுகிற ஆள் ஒருவர்தான். அவருக்குப் பெயரே மூக்குக்காரர். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் தூங்கிக்கொண்டிருந்தது. வீட்டு வாசலில் நின்று ஒரே ஒரு இழுப்பு இழுப்பார். "மாடி பாத்ரூம், இடது மூலை, தரைக்கு அடியில" என்பார். உடைத்துப் பார்த்தால் சொன்ன இடத்திலேயே இருக்கும். மற்ற பிளம்பர்கள் வயிறெரிந்தார்கள். அந்த ஆளே முதல் நாள் வந்து குழாயில் ஓட்டை போட்டுவிட்டுத்தான் மறுநாள் வந்து கண்டுபிடிக்கிறார் என்றுகூட ஒருவர் கிளப்பிவிட்டுப் பார்த்தார். யாரும் காதில் வாங்கவில்லை.

அந்த மூக்கு செத்து இரண்டு வருஷம் ஆகிறது.

ஒரு காய்ச்சல். பத்து நாள் படுக்கை. எழுந்து உட்கார்ந்தபோது சோப்புக்கும் சாக்கடைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. வந்துவிடும், கொஞ்சம் பொறுங்கள் என்றார் டாக்டர். பொறுத்தார். வரவில்லை. விஷயம் மனைவிக்கு மட்டும் தெரியும். வெளியே மூச்சுக் காட்டக் கூடாது என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த கைக்கு எங்கேயும் பஞ்சமில்லை. அவரைக் கூப்பிடுவது மூக்குக்காக. அது போய்விட்டது என்று தெரிந்தால் பிழைப்பும் கூடவே போய்விடும்.

அதனால் ஒரு வழி கண்டுபிடித்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் பழையபடியே நிற்பார். கண்ணை மூடி, நெஞ்சு விரிய மூச்சை இழுப்பார். முழுக்க மூட மாட்டார். இமைக்கு அடியிலிருந்து வீட்டு ஆட்களின் முகத்தைப் பார்ப்பார். யாராவது மூக்கைச் சுளித்தால், எந்தப் பக்கம் பார்த்துச் சுளிக்கிறார்கள் என்று கவனித்து அந்தப் பக்கம் நடப்பார். யாரும் சுளிக்காவிட்டால், "வாடை எதுவும் இல்லை" என்று சொல்லிவிடுவார். மிச்சத்தை முப்பது வருஷ அனுபவம் பார்த்துக்கொள்ளும். பித்தலாட்டம்தான், அதற்கு வேறு பெயர் இல்லை. ஆனால் இரண்டு வருஷமாக ஒரு வீட்டிலிருந்தும் புகார் என்று யாரும் வரவில்லை.

அன்றைக்குக் காலை பத்து மணி வாக்கில் அவர் போன வீட்டின் கேட்டில் ஒரு அட்டை தொங்கியது. மணி அடிக்காதீர்கள், கதவைத் தட்டாதீர்கள், போன் செய்யுங்கள் என்று எழுதி, அடியில் ஒரு எண். கூப்பிட்ட வீட்டிலேயே இப்படி ஒரு வரவேற்பா என்று நினைத்துக்கொண்டு போன் செய்தார். எடுத்தவள் காற்றுக் குரலில், இதோ வருகிறேன் என்றாள்.

முன்னறை முழுக்கப் பள்ளிக்கூடச் சீருடைகள் குவிந்து கிடந்தன. அவள் தையல்காரி. மெஷினின் நான்கு கால்களுக்குக் கீழும் மடித்த போர்வை வைத்திருந்தாள், சத்தம் தரையில் இறங்காமல் இருக்க. அவள் புருஷனுக்குக் கண்ணாடிப் பாட்டில் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். காலை ஏழரைக்கு வந்து படுத்தால் மத்தியானம் மூன்று மணி வரைக்கும் தூங்குவான், அதாவது தூங்கப் பார்ப்பான். பதினோரு வருஷமாக அந்தத் தூக்கத்துக்காக அவன் படாத பாடு இல்லை. போன வருஷம் உலைக்குப் பக்கத்தில் நின்றபடியே கண் அசந்து, இடது கை முழங்கை வரைக்கும் வெந்துவிட்டது. இன்னொரு தரம் இப்படி ஆனால் வேலை கிடையாது என்று நிர்வாகம் எழுதி வாங்கிக்கொண்டது. அன்றிலிருந்து அவன் தூக்கத்துக்கு இவள் காவல். மூன்று மணிக்கு முன்னால் மிக்ஸி ஓடாது. குழாயைத் திறந்தால் வாளிக்குள் துணியைப் போட்டுத்தான் தண்ணீர் பிடிப்பாள். தும்மல் வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு ஓடுவாள்.

இதையெல்லாம் அவள் அவருடைய காதருகே வந்து, ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறவள் மாதிரி சொன்னாள். சொல்லிவிட்டுக் கழிப்பறையைக் காட்டினாள். மூன்று நான்கு வாரமாகவே ஃப்ளஷ் சரியாகப் போவதில்லையாம். தண்ணீர் விட்டால் கோப்பையில் மேலே ஏறி நிற்கிறது, போவேனா என்று முரண்டு பிடிக்கிறது, அப்புறம் களக் களக் என்று விழுங்கிக்கொண்டு மெல்ல இறங்குகிறது. வாளி வாளியாக ஊற்ற வேண்டியிருக்கிறது. அந்தச் சத்தத்தில் அவர் எழுந்துகொள்வாரோ என்று பயந்து சாகிறேன் என்றாள்.

கழிப்பறைக்கு எதிரில், இரண்டு முழ அகல நடை தாண்டி, ஒரு மூடிய கதவு. அதன் அடி இடுக்கில் ஒரு துண்டைச் சுருட்டித் திணித்திருந்தது. உள்ளேதான் புருஷன் படுத்திருந்தான். ஜன்னலுக்குத் தடித்த அட்டை வைத்து டேப் ஒட்டியிருக்கிறோம், பகலிலும் கும்மிருட்டு என்று அவள் கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள். உள்ளிருந்து நீளமான குறட்டை வந்துகொண்டிருந்தது. இப்போ ஒரு மாசமாகத்தான் இப்படி அடித்துப் போட்ட மாதிரி தூங்குகிறாராம். எழுந்திருக்கும்போது தலைவலி மண்டையைப் பிளக்கிறது, கண் சிவந்துவிடுகிறது, ஆனால் தூக்கம் வருகிறதே, அதுவே பெரிய விஷயம் என்றாள்.

மூக்குக்காரர் நடையில் நின்று தன் வேலையை ஆரம்பித்தார். கண்ணை மூடினார். மூச்சை இழுத்தார். இமைக்கு அடியில் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் அவரையே பார்த்துக்கொண்டு, புடவைத் தலைப்பை விரலில் சுற்றியபடி, ஆடாமல் அசையாமல் நின்றாள். மூக்கு சுளிக்கவில்லை. புருவம்கூட நெளியவில்லை.

"வாடை எதுவும் இல்லை" என்றார்.

அவள் முகம் மலர்ந்துபோயிற்று. அப்பாடா என்றாள். முந்தின வாரம் அந்த ரூமுக்குள் போனபோது அழுகிய முட்டை மாதிரி ஏதோ அடித்ததாம். கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியவில்லையாம். அவரைக் கேட்டால் உனக்குத்தான் மூக்கில் கோளாறு என்றாராம். "எனக்கே சந்தேகமா இருந்துச்சுண்ணே. நீங்களே சொல்லிட்டீங்க, இனிமே பயமில்ல" என்று சொல்லிவிட்டு, கதவடியில் விலகியிருந்த துண்டைக் காலால் நன்றாக உள்ளே தள்ளினாள்.

அழுகிய முட்டை வாடை என்றால் என்ன என்று மூக்குக்காரருக்குத் தெரியாதா? செப்டிக் டேங்கின் காற்று அது. முதலில் மூக்கைத் துளைக்கும், கொஞ்ச நேரத்தில் மூக்கையே மரக்கச் செய்துவிடும். வாடை போய்விட்டது என்று ஆள் நிம்மதியாக இருப்பான், காற்று அங்கேயே இருக்கும். இது குழாய் வேலைக்கு வந்த முதல் வருஷமே தெரிந்துகொள்கிற பாடம். அந்த இடத்தில் ஒரு வார்த்தை, எதற்கும் அந்த ரூம் கதவைத் திறந்து வையுங்கள் என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால், இப்போதுதானே வாடை இல்லை என்றீர்கள் என்று அவள் கேட்பாள். அதற்கு என்ன பதில் சொல்வது? கழிப்பறை உள்ள வீட்டில் எப்போதாவது வாடை வருவதுதான் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு பையைத் திறந்தார். மனுஷனுக்குத் தன்னை ஏமாற்றிக்கொள்ள ரொம்ப நேரம் வேண்டியதில்லை.

ஃப்ளஷ் டேங்கின் மூடியைப் பூப்போல எடுத்துச் சுவரில் சாய்த்தார். தண்ணீர் கோடு வரைக்கும் நின்றது. மிதவை சரியாக ஏறி இறங்கியது. அடி வால்வு ரப்பர் புதுசு. கோப்பையின் விளிம்பு ஓட்டைகளில் ஒரு கம்பியை விட்டுப் பார்த்தார், உப்புக் கட்டவில்லை. சரி, அடைப்பு கீழேதான் என்று ரப்பர் பம்பை வைத்து நாலு அழுத்து அழுத்தினார். ஒவ்வொரு அழுத்துக்கும் கோப்பைத் தண்ணீர் குதித்ததே தவிர இறங்கவில்லை. அவள் வாசலில் நின்று, மெதுவா, மெதுவா என்று கையால் ஜாடை காட்டினாள்.

முழு வாளித் தண்ணீரை உயரத்திலிருந்து ஒரே வீச்சில் கொட்டினார். அது கோப்பையில் சுழன்று, விளிம்பைத் தொட்டு, தயங்கி நின்று, களக் என்று ஒரு வாய் விழுங்கியது. அதே நேரத்தில் எதிர் அறைக்குள் எங்கேயோ, தரைக்குப் பக்கத்தில், இன்னொரு களக் கேட்டது. கட்டிலில் புரண்டு படுக்கிறான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். குறட்டை ஒரு நொடி நின்று திரும்ப ஆரம்பித்தது.

ஸ்பிரிங் கம்பியை விட்டார். சுருள் சுருளாகப் பதினைந்து அடி உள்ளே போயிற்று. எங்கேயும் முட்டவில்லை. வெளியே இழுத்தால் நுனி சுத்தமாக வந்தது, ஒரு துணி நூல்கூட ஒட்டியிருக்கவில்லை. குழாய் செப்டிக் தொட்டி வரைக்கும் காலியாக இருக்கிறது, இருந்தும் தண்ணீர் இறங்கவில்லை. முப்பது வருஷத்தில் இப்படி அவரை எந்தக் குழாயும் முழிக்க வைத்ததில்லை. பழைய மூக்கு இருந்திருந்தால் இந்நேரம் வேலை முடிந்து காப்பி குடித்துக்கொண்டிருப்பார். ஆத்திரத்தில் இன்னொரு வாளி கொட்டினார். இன்னொன்று. அதற்குப் பிறகு ஒன்று. ஒவ்வொரு தடவையும் இந்தப் பக்கம் ஒரு களக், அந்தப் பக்கம் ஒரு களக். குறட்டைக்கும் குறட்டைக்கும் நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போனதை அவர் கவனித்தார். கவனித்துவிட்டு, நல்லவேளை, ஆள் நல்ல தூக்கத்தில் இருக்கிறான், அவளிடம் பேச்சு வாங்காமல் தப்பித்தேன் என்று நினைத்தார்.

மொத்தம் ஒன்பது வாளி. பின்னால் எத்தனையோ நாள் அந்தக் கணக்கை அவரால் மறக்க முடியவில்லை.

ஒன்பதாவது வாளியோடு கையை உதறிவிட்டு, சுவரில் சாய்ந்து யோசித்தார். அடைப்பு இல்லை, தொட்டி நிறைந்திருந்தால் தண்ணீர் திரும்பி வந்திருக்கும், வரவில்லை. அப்படியானால் மிச்சம் இருப்பது காற்று. குழாய்க்குள் தண்ணீர் இறங்க வேண்டுமென்றால், அங்கே இருக்கிற காற்று எங்கேயாவது விலகிப் போக வேண்டும். அதற்குத்தான் எல்லா வீட்டிலும் தொட்டியிலிருந்து மொட்டைமாடிக்கு மேலே ஒரு நீளக் குழாயை நிறுத்தியிருப்பார்கள். பிளம்பர்கள் காற்றுக்குழாய் என்பார்கள், வீட்டுக்காரர்கள் அதற்குப் பேரே வைத்திருக்க மாட்டார்கள். பறவை ஏதாவது கூடு கட்டியிருக்கும் என்று எண்ணிக்கொண்டு மாடிக்கு ஏறினார். மூளை ஒருவழியாக வேலை செய்கிறதே என்று அவருக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

கூடு இல்லை. குழாயின் வாயில் சிமென்ட் பூசியிருந்தது. ஏனோதானோ என்று அப்பவில்லை. விளிம்பைச் சுற்றிச் சரிமட்டமாக, கரண்டி போட்டு வழித்து, பொறுமையாகப் பூசியிருந்தது. ஓரத்தில் சிமென்ட்டுக்குள்ளிருந்து நீலக் கம்பளி நூல் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. முதலில் ஸ்வெட்டரையோ எதையோ திணித்து, அதற்கு மேலே பூசியிருக்கிறார்கள்.

கீழே இறங்கி வந்து அவளைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டு, மேலே குழாயை அடைத்தது யார் என்று கேட்டார். அவர்தான் என்றாள். காற்றடிக்கும்போதெல்லாம் அந்தக் குழாய் ஊளையிடுமாம். யாரோ சாவு வீட்டில் அழுகிற மாதிரி ஒரு சத்தம். பகலெல்லாம் அதைக் கேட்டுக் கேட்டு அவருக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. ஒரு மாசத்துக்கு முன்னால் லீவு நாளில் ஏறிப் போய் அடைத்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகுதான் இந்தத் தூக்கமே வந்தது என்றாள். அப்படிச் சொல்லும்போது அவள் குரலில் இருந்த நன்றியைக் கேட்க மூக்குக்காரருக்கு உடம்பு கூசியது.

அப்படியானால் தொட்டியின் காற்று ஒரு மாசமாக எந்த வழியாகப் போகிறது? கழிப்பறைக் கோப்பையில் எப்போதும் தண்ணீர் நிற்கிறது, அந்த வழியாக வர முடியாது. வேறு ஏதோ ஒரு வாய் திறந்திருக்க வேண்டும்.

"தங்கச்சி, அவர் படுத்திருக்கிற ரூம் முன்னால என்னவா இருந்துச்சு?"

துணி துவைக்கிற ரூமாக இருந்ததாம். ஜன்னல் சின்னது, இருட்டு, தெருச் சத்தம் வராது என்று இவர்கள்தான் படுக்கையறையாக மாற்றிக்கொண்டார்கள்.

"தண்ணி போற ஓட்டை?"

"கட்டிலுக்கு அடியில சல்லடை இருக்கு. மேல பாய் போட்டிருக்கோம்."

"அதுல தண்ணி ஊத்தறதுண்டா?"

படுக்கிற ரூமில் எதற்கு அண்ணே தண்ணீர் ஊற்றுவது என்று அவள் கேட்டாள்.

அப்போதுதான் அவருக்கு எல்லாம் விளங்கியது. தரைச் சல்லடைக்கு அடியில் ஒரு வளைவு உண்டு, அதில் ஒரு சாண் தண்ணீர் நின்றால்தான் கீழே இருக்கும் காற்று கீழேயே இருக்கும். வருஷக்கணக்கில் ஊற்றாமல் அந்தத் தண்ணீர் எப்போதோ வற்றியிருக்கும். மேலே வழியை அடைத்த பிறகு தொட்டியின் காற்று முழுக்க அந்த ஓட்டை வழியாகத்தான், அட்டை ஒட்டிய ஜன்னலும் துண்டு திணித்த கதவுமாக இருக்கிற அந்த அறைக்குள்தான், ஒரு மாசமாக வந்துகொண்டிருக்கிறது. பாய் மூடிய சல்லடை வழியாக அது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது, அதனால்தான் கோப்பைத் தண்ணீரும் இறங்காமல் முரண்டு பிடித்தது. அந்த ஒன்பது களக்கும் யாரும் புரண்டு படுத்த சத்தம் இல்லை. ஒவ்வொரு வாளிக்கும் குழாய்க்குள் அடைபட்ட காற்றை அவரே அமுக்கி, அந்த ஆளின் கட்டிலுக்கு அடியில் கொண்டுபோய்த் தள்ளியிருக்கிறார்.

குறட்டைச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டினார். கேட்கவில்லை.

நடைக்குள் ஓடினார். அவள் அவரை முந்திக்கொண்டு போய்க் கதவுக்கு முன்னால் நின்று, கைப்பிடியைப் பின்னால் பிடித்துக்கொண்டாள். மணி பதினொன்றரைகூட ஆகவில்லை, இப்போது எழுப்பினால் ராத்திரி உலைக்கு முன்னால் நின்று தூங்கி விழுவார், கை போதாதென்று உயிரும் போய்விடும் என்று அதே காற்றுக் குரலில் சீறினாள். உள்ளே விஷக் காற்று இருக்கிறது என்று அவர் சொன்னார். அவள் நம்பவில்லை. அவளை எப்படிக் குறை சொல்வது?

"நீங்கதானண்ணே சொன்னீங்க, வாடை எதுவும் இல்லைன்னு. உங்க மூக்குக்குத் தெரியாததா?"

இரண்டு வருஷமாக அவர் யாரிடமும் சொல்லாததைச் சொல்ல அவருக்கு இரண்டு நொடி பிடித்தது. அந்த இரண்டு நொடிகூட அதிகம்தான். இந்தத் தெருவில் இனி ஒரு வீட்டிலும் வேலை கிடைக்காது என்ற நினைப்பு அப்போதும் வந்தது, அந்த நினைப்பு வந்ததற்காக அவர் தன்னையே வெறுத்தார்.

"எனக்கு மூக்கு கிடையாதும்மா. செத்துப் போய் ரெண்டு வருஷமாச்சு. உங்க முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன்."

அவள் புரியாமல் பார்த்தாள். அப்புறம் புரிந்தது.

"நான் உங்க முகத்தைப் பார்த்துக்கிட்டுல்ல நின்னேன்" என்றாள்.

கைப்பிடியிலிருந்து அவள் கை தானாக நழுவியது. சுவிட்சைத் தொடாதீர்கள், உள்ளே வராதீர்கள், வாசல் கதவையும் பின்கதவையும் விரியத் திறந்துவிட்டு ஆம்புலன்சுக்குப் போன் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு, அவர் மூச்சை நிறைய இழுத்து அடக்கிக்கொண்டு கதவைத் தள்ளினார். அவள் ஒரு அடி பின்னால் போய் வாயைப் பொத்திக்கொண்டு குமட்டினாள். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. கண் மட்டும் எரிந்தது.

நடையிலிருந்து விழுந்த வெளிச்சத்தில் ஜன்னல் இருக்கிற இடத்தைக் குத்துமதிப்பாகப் பார்த்து, அட்டையை இரண்டு கையாலும் பிய்த்தார். டேப் லேசில் விடவில்லை, அவ்வளவு அக்கறையாக ஒட்டியிருந்தார்கள். ஒரு ஓரம் கிழிந்து பகல் உள்ளே விழுந்தது. கட்டிலில் அவன் மல்லாந்து கிடந்தான். வெந்த தோல் சுருங்கிய கை விளிம்புக்கு வெளியே தொங்கியது. உதடு நாவல்பழ நிறம். மூக்குக்காரர் அவனைப் படுக்கை விரிப்போடு சேர்த்து இழுத்துக் கீழே போட்டு, தரையோடு தேய்த்துக்கொண்டு கதவைத் தாண்டினார். அடக்கி வைத்த மூச்சு நடையில் வந்து வெடித்தது. தலை கிறுகிறுத்து முட்டி போட்டார். போன் செய்துவிட்டு அவள் வந்து ஒரு பக்கம் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேருமாகப் பின்கட்டு வெயிலில் கொண்டுபோய்ப் போட்டார்கள்.

அவள் முதல்முறையாகக் குரலெடுத்துக் கத்தினாள். புருஷனை எழுப்பக் கத்தினாள். பதினோரு வருஷமாக அந்த வீட்டில் யாரும் அப்படிச் சத்தம் போட்டதில்லை. கன்னத்தில் அறைந்தாள், தோளைப் பிடித்து உலுக்கினாள், எந்திரிங்க, எந்திரிங்க என்று தெருவே கேட்கும்படி அழுதாள். அக்கம்பக்கத்தார் சுவர் மேல் எட்டிப் பார்த்தார்கள். அவன் நெஞ்சு ரொம்ப நேரம் கழித்து ஒரு தடவை ஏறியது. அப்புறம் இன்னொரு தடவை. ஆம்புலன்ஸ் ஆட்கள் வந்து முகத்தில் ஆக்சிஜனை மாட்டிய பிறகு கண்ணைத் திறந்தான், ஆனால் பெண்டாட்டியைப் பார்த்து யார் என்று தெரியாமல் முழித்தான். பிழைத்துக்கொள்வாரா என்று அவள் கேட்டதற்கு, மூச்சு இருக்கிறது அம்மா, மூளைக்கு எவ்வளவு நேரம் காற்று போகாமல் இருந்தது என்று பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னார்கள்.

அதற்குள் தெருவில் கதை உருவாகிவிட்டது. மூக்குக்காரர் வாசலிலேயே மோந்து பார்த்துக் கண்டுபிடித்துவிட்டாராம், கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போனாராம். ஒரு பெரியவர் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, இந்த மூக்கு இல்லையென்றால் இன்றைக்கு ஒரு உயிர் போயிருக்கும் என்றார். எதிர்வீட்டுப் பெண், எங்கள் வீட்டுக்கும் ஒரு நடை வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்றாள். மறுப்பதற்கு அவர் வாயைத் திறந்தார். அதற்குள் இன்னொருவர் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளே எங்கேயோ ஒரு மூலையில், அப்படியே இருந்துவிட்டுப் போகட்டுமே என்று ஒரு குரல் சொன்னதையும் அவர் கேட்டார்.

தையல்காரி வண்டியில் ஏறக் காலை வைத்தவள், இறங்கி அவரிடம் வந்தாள். தெருவில் யாரிடமும் அவள் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அவள் முகத்தில் கோபம் இருந்திருந்தால் தேவலை என்று அவருக்குத் தோன்றியது. பழக்கம் விடாமல், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"இந்த ரெண்டு வருஷத்துல எத்தனை வீட்ல இப்படிச் சொல்லியிருக்கீங்கண்ணே?"

பதிலுக்குக் காத்திராமல் ஏறிக்கொண்டாள். வண்டி போய்விட்டது.

கூட்டம் கலைந்த பிறகு அவர் மொட்டைமாடிக்கு ஏறி உளியால் சிமென்ட்டைக் கொத்தினார். நீல ஸ்வெட்டர் முழுசாக வெளியே வந்தது. குழாயிலிருந்து வெதுவெதுப்பான காற்று முகத்தில் வந்து மோதியது. ஒதுங்கிக்கொண்டு, அது தீர்ந்து போகட்டும் என்று காத்திருந்தார். கீழே வந்து தரைச் சல்லடையில் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றி வளைவை நிரப்பினார். கழிப்பறையில் ஃப்ளஷை ஒரு அழுத்து அழுத்தினார். தண்ணீர் ஒரே சுழற்சியில், ஒரு சத்தமும் இல்லாமல் இறங்கியது. எடுத்துக்கொண்ட வேலை முடிந்துவிட்டது.

வாசற்படியில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தார். காய்ச்சலுக்கு முன்னால் போன வீடுகள் எல்லாம் அவருக்கு வாடையோடு ஞாபகம் இருந்தன. ஈரச் சுவர் வீடு, பினாயில் வீடு, துருப்பிடித்த குழாய் வீடு. இருபது வருஷத்துக்கு முந்தையதைக்கூடச் சொல்வார். கடைசி இரண்டு வருஷத்தில் போனவை எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன, ஒன்றிலும் ஒரு அடையாளமும் இல்லை. போனை எடுத்தார். எண்கள் இருந்தன. எண்பதா, நூறா தெரியவில்லை. எதில் அவர்களாக மூக்கைச் சுளித்தார்கள், எதில் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் நின்றார்கள் என்று எப்படிப் பிரிப்பது?

கடைசியில் போன வீட்டிலிருந்து ஆரம்பித்தார். முதல் அழைப்பை எடுத்தவள் உற்சாகமாகப் பேசினாள். கதவு ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து வையுங்கள், நான் வந்து மறுபடியும் பார்க்க வேண்டும் என்றார். அவள் சிரித்தாள். நீங்கள்தானே வந்து பார்த்து ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனீர்கள் என்றாள்.

"நான் சொன்னதை நம்பாதீங்கம்மா" என்றார்.

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. ஏன் என்று கேட்டாள். அவர் காரணத்தைச் சொன்னார், ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். சொல்லி முடித்ததும் அவள் போனை வைத்துவிட்டாள். ஜன்னல் திறக்கிற சத்தம் கேட்டதா இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லை.

இரண்டாவது எண் ஒரு வயதான தம்பதியுடையது. குளிருக்குப் பயந்து எந்நேரமும் ஜன்னலைச் சாத்தியே வைத்திருப்பவர்கள், எங்கேயும் வெளியே போகாதவர்கள், முதல் மணியிலேயே போனை எடுத்துவிடுகிறவர்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. திரும்ப அழுத்தினார். மூன்றாவது தடவையும் எடுக்காமல் போகவே, பையைக்கூட எடுக்காமல் எழுந்து, அந்தத் தெருவை நோக்கி நடக்க ஆரம்பித்தார். கொஞ்ச தூரத்தில் நடை ஓட்டமாயிற்று.